மோலின் நகரத்துக் கொல்லர்

ஏரும் எந்திரமும் – 9

சென்ற அத்தியாயத்தில் வார்ப்பிரும்புக் கலப்பையின் கதையைப் பார்த்தோம். நியூஜெர்சியைச் சேர்ந்த சார்லஸ் நியூபோல்டு 1797ல் வார்ப்பிரும்புக் கலப்பைக்குக் காப்புரிமை பெற்றார். நியூயார்க் மாநிலத்து ஜெத்ரோ வுட் 1819ல் உறுப்பு உறுப்பாகக் கழற்றி மாட்டும் கலப்பைக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவின் கிழக்குப் பகுதி உழவை இந்தக் கலப்பைகள் மாற்றின. குடியேறிகளின் வண்டியில் ஏறி மேற்கே இல்லினாய்க்குப் போனதும் அவை மண்ணிடம் தோற்றன. அந்தத் தோல்வியிலிருந்து எழுந்த பெயர்தான் ஜான் டியர். இன்று தமிழ்நாட்டு வயல்களில் ஓடும் பச்சை நிற டிராக்டர்களின் மூக்கில் இருப்பது அவர் பெயர்தான். அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை சுருக்கமானது: 1837ல் ஒரு சிற்றூர்க் கொல்லர் உடைந்த ரம்பத்தை எடுத்து உலகின் முதல் எஃகுக் கலப்பையை அடித்தார், புல்வெளி வயலாயிற்று. 1937ல் நீல் கிளார்க் எழுதிய வாழ்க்கை வரலாறு, உலகுக்கு எஃகுக் கலப்பையைத் தந்தவர் என்று தலைப்பிலேயே அவருக்குப் பட்டம் சூட்டியது. சான்றுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் இந்தப் பட்டம் நிற்காது. ஆனால் பட்டம் விழுந்த இடத்தில் அதைவிடப் பெரிய சாதனை ஒன்று தெரிகிறது. டியர் கலப்பையைக் கண்டுபிடிக்கவில்லை. கலப்பை செய்வது என்ற ஊர்க் கொல்லர் வேலையை ஒரு தொழிலாக மாற்றினார். இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது அதைத்தான்.

முதலில் மண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லினாயின் பிரெய்ரி நிலம், நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் போல, ஈரம் பட்டால் இரும்பைப் பிடித்துக்கொண்டு விடாத கருமண். அதை உழவுக்குக் கொண்டுவருவதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஆள் உயரப் புல்லின் வேர்கள் காலங்காலமாகப் பின்னிக் கிடந்த மேல்மண்ணை உடைப்பது முதல் கட்டம். அதற்குப் பல ஜோடி எருதுகள் பூட்டிய, நீண்ட ஏர்க்கால் கொண்ட பாரக் கலப்பைகள் தனியே இருந்தன. கூலிக்கு உடைத்துக் கொடுப்பவர்களும் இருந்தார்கள். இரண்டாம் கட்டத்தில்தான் சிக்கல் முற்றியது. வேர் அழுகி மண் பொலபொலத்த பிறகு, ஆண்டுதோறும் செய்ய வேண்டிய சாதாரண உழவில், கிழக்கிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கலப்பையின் சொரசொரப்பான முகத்தில் களிமண் அப்பிக்கொண்டது. சில அடி உழுவதும், நின்று மரத்தட்டையால் வழித்துப் போடுவதும், மீண்டும் உழுவதுமாகப் பொழுது போயிற்று. வழிக்காமல் இழுத்தால் கலப்பை மண்ணைப் புரட்டாமல் தள்ளிக்கொண்டே போயிற்று. நிலத்தை விட்டுவிட்டுக் கிழக்கே திரும்பிவிடலாமா என்று நினைக்கும் அளவுக்குச் சிலர் நொந்துபோயிருந்தார்கள். ஆக, உழவர்கள் தேடியது மண் ஒட்டாமல் வழுக்கி விழும் முகமும், கூர் மழுங்காத கொழுவும் கொண்ட ஒரு கலப்பையை. இந்தத் தேவை டியருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அல்ல. பட்டறை வாசலில் வந்து நின்ற ஒவ்வொரு உழவரும் ஒவ்வொரு கொல்லரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கொல்லர்களில் ஒருவராக டியர் வந்து சேர்ந்தது வறுமையால். 1804 பிப்ரவரி 7ல் வெர்மான்ட் மாநிலத்தின் ரட்லாந்தில் பிறந்தார். தையல்காரரான தந்தை 1808ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பிறகு தகவல் இல்லை. தாய் துணி தைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். ஜான் 17 வயதில் மிடில்பரியில் பெஞ்சமின் லாரன்ஸ் என்ற கொல்லரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். நான்கு ஆண்டு உலைக்களத்தில் கழிந்தபின் 1825 முதல் தானே சம்பாதிக்கத் தொடங்கினார். மண்வாரியும் வைக்கோல் கவையும் வழவழப்பாக இழைத்துத் தருபவர் என்று பெயர் கிடைத்தது; காசு சேரவில்லை. சொந்தப் பட்டறை இரண்டு முறை தீக்கு இரையானது. கடன் ஏறியது. கடனைத் திருப்பாதவரைச் சிறையில் வைக்கச் சட்டம் இடம் தந்த காலம் அது. 1836 இறுதியில், கருவுற்றிருந்த மனைவி டெமேரியஸையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு இல்லினாய்க்குப் புறப்பட்டார். ராக் நதி வளைந்து ஓடும் கிராண்ட் டிட்டூரில் லெனார்டு ஆண்ட்ரஸ் என்ற வெர்மான்ட்காரர் ஏற்கெனவே குடியேறி, ரம்ப ஆலை வைத்திருந்தார். ஊருக்குக் கொல்லர் இல்லை. டியருக்கு வேலை குவிந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் மேற்கே போனது புதிய கலப்பை பற்றிய கனவோடு அல்ல, கடன்காரர்களுக்கு எட்டாத தூரம் தேடித்தான். குதிரைக்கு லாடம் அடிப்பதும் உடைந்த கொழுவை ஒட்டித் தருவதுமே அங்கே முதலில் அவருக்குச் சோறு போட்டன. அந்த ஒட்டு வேலையில்தான் கலப்பைகள் எங்கே, எப்படித் தோற்கின்றன என்பதை அவர் கையால் படித்தார்.

1837ல் ஆலையில் உடைந்து கிடந்த ரம்பத்தின் எஃகுத் தகட்டைக் கொண்டு டியர் ஒரு கலப்பை செய்ததும், அது லூயிஸ் கிராண்டல் என்ற உழவரின் நிலத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டதும் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுபவை. ஆனால் 'முதல்' என்ற சொல்லுக்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது ஜான் லேன். இவரும் கொல்லர்தான். சிகாகோவுக்குத் தென்மேற்கே லாக்போர்ட் பக்கத்தில், 1833லேயே ரம்ப எஃகைப் பட்டை பட்டையாக வெட்டி மரப்பலகைமேல் அறைந்து கலப்பை செய்துவிட்டார். காப்புரிமை எதையும் அவர் நாடவில்லை. இரண்டாவது தடை டியரின் கலப்பையே. அவர் 1838ல் ஜோசப் பிரையர்ட்டன் என்ற உழவருக்கு விற்ற கலப்பை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தின் எட்வர்டு கெண்டல் 1959ல் வெளியிட்ட ஆய்வு, இதில் கொழு மட்டுமே எஃகு என்றும், மண்ணைப் புரட்டிப்போடும் வளைபலகை அடித்துச் செய்த தேனிரும்பு என்றும் காட்டியது. நல்ல எஃகு அந்நாளில் எல்லைப்புறத்தில் கிடைப்பதற்கு அரிய பொருள். வெட்டும் விளிம்புக்கு அதை ஒதுக்கிவிட்டு, மற்ற இடத்தில் நன்றாகத் தீட்டி மெருகேற்றிய இரும்பைப் போட்டார் டியர். கலப்பை வென்றதற்குக் காரணம் முழுக்க எஃகாக இருந்தது அல்ல. வளைவும், மெருகும், கொழுவின் கூரும் சேர்ந்து வேலை செய்தன.

இதை டியரே அச்சில் சொல்லியிருக்கிறார். 1843ல் 'ராக் ரிவர் ரிஜிஸ்டர்' என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த அவருடைய விளம்பரம் வரலாற்றாசிரியனுக்குக் கிடைத்த புதையல். அதில் தம் கலப்பையின் வளைபலகை தேனிரும்பு என்றும் கொழு எஃகு என்றும் ஒளிக்காமல் சொல்கிறார். கொழுவின் தடிமன் ஓர் அங்குலத்தில் 16ல் 5 பங்கு என்று கணக்குக் கொடுக்கிறார். முகம் முழுதும் வழவழப்பாகத் தீட்டப்பட்டிருப்பதால் எந்த மண்ணும் ஒட்டாது, மாட்டுக்கும் பிடிப்பவருக்கும் பாடு குறைவு, ஒரு நாளில் அதிக வேலை ஆகும் என்கிறார். கஷ்டகாலம் என்பதால் சென்ற ஆண்டு விலையிலிருந்து குறைத்திருப்பதாகவும் சேர்த்துக்கொள்கிறார். எல்லாவற்றையும்விட முக்கியம், கலப்பையின் பெயர். அதைத் தம் பெயரால் அழைக்காமல், ஏற்கெனவே உழவர்களுக்குப் பழக்கமான 'கேரி கலப்பை' என்ற வகைப் பெயரால் விற்கிறார். உலகில் யாரும் காணாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கும் மனிதர் இப்படி விளம்பரம் எழுதமாட்டார். தெரிந்த ஒரு பண்டத்தை மற்றவரைவிடத் திருத்தமாகச் செய்கிறேன், இன்ன அளவில் செய்கிறேன், இன்ன விலைக்குத் தருகிறேன் என்று சொல்லும் வியாபாரியின் குரல் இது. 'கண்டுபிடிப்பாளர்' என்ற பட்டம் பிற்காலம் அவருக்குக் கொடுத்தது. அவர் கேட்டு வாங்கியது அல்ல.

அப்படியானால் அவர் செய்த புதுமை என்ன? முதலாவது, சொல்லிவைக்காத கலப்பையைச் செய்யத் துணிந்தது. ஊர்க் கொல்லர் வழக்கமாக யாராவது கேட்டால்தான் உலையை மூட்டுவார். கேட்டவர் நிலத்துக்கும் மாட்டுக்கும் ஏற்றபடி அடித்துக் கொடுப்பார். டியர் வாங்குபவர் வருவதற்கு முன்பே கலப்பைகளைச் செய்து அடுக்கினார், வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விற்றார். 1839ல் 10 கலப்பை, 1841ல் 75, 1842ல் 100 என்று கணக்கு ஏறியது. இந்த எண்ணிக்கை இன்று சிறிதாகத் தெரியலாம். கையில் முதல் இல்லாத, பழைய கடனின் வடு ஆறாத ஒருவர், விற்குமா விற்காதா என்று தெரியாத 100 கலப்பையில் இரும்பையும் கரியையும் கூலியையும் முடக்குவது பெரிய துணிச்சல். இரண்டாவது, எஃகை ஒரு சீரான மூலப்பொருளாக மாற்றியது. உடைந்த ரம்பத்தை நம்பிப் பத்துக் கலப்பை செய்யலாம், ஆயிரம் செய்ய முடியாது. 1843ல் ஆண்ட்ரஸோடு கூட்டுச் சேர்ந்தபின், இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து தாம் சொன்ன அளவில் உருட்டிய எஃகுத் தகடுகளைத் தருவித்தார். அவை அட்லாண்டிக்கைத் தாண்டி, ஆற்றுப் படகில் ஏறி, கடைசித் தொலைவை வண்டியில் கடந்து கிராண்ட் டிட்டூருக்கு வந்தன. 1846ல் பிட்ஸ்பர்க்கின் ஜோன்ஸ் அண்ட் குவிக் ஆலையில் அமெரிக்காவிலேயே கலப்பைக்கான எஃகை வார்த்து வாங்கினார். அந்த ஆண்டில் உற்பத்தி ஏறத்தாழ 1,000 கலப்பைகளைத் தொட்டது. ஒரே தடிமனில், ஒரே தரத்தில் தகடு கிடைத்த பிறகுதான் இன்றைக்கு வாங்கிய கலப்பையும் அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும் கலப்பையும் ஒரே மாதிரி உழும் என்ற நம்பிக்கை பிறந்தது. பெயர் விற்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது புதுமை இடத்தைப் பற்றியது. கிராண்ட் டிட்டூருக்கு நதி இருந்தும் பெரிய சரக்குப் படகு வர வசதி இல்லை. இரும்புப் பாதையும் அந்த ஊரை விட்டு விலகிப் போகும் என்று தெரிந்தது. 1848ல் டியர் ஆண்ட்ரஸைப் பிரிந்து மிசிசிப்பிக் கரையிலிருந்த மோலினுக்குப் பட்டறையை மாற்றினார். மோலின் அப்போது சில நூறு பேர் வாழ்ந்த சிற்றூர். ஆனால் அணையால் தேக்கிய நீரின் விசை சக்கரம் சுற்ற உதவியது, அருகே நிலக்கரி கிடைத்தது, பெருநதி வழியே எஃகு வந்து இறங்கியது, கலப்பைகள் அதே வழியே தெற்கும் வடக்கும் போயின. 1854ல் பக்கத்து ஊரான ராக் ஐலண்டுக்கு ரயில் வந்தது. 1856ல் மிசிசிப்பியின் குறுக்கே முதல் ரயில் பாலம் அங்கேதான் எழுந்தது. ராபர்ட் டேட், ஜான் கூல்டு ஆகியோருடன் சேர்ந்த புதிய கூட்டு நிறுவனம் 1849ல் 16 பேர் அளவிலான ஆட்களைக் கொண்டு 2,136 கலப்பைகளைச் செய்தது. சிற்றூரில் இருந்ததற்கு இன்னொரு பயனும் உண்டு. விற்ற கலப்பை பழுதுபட்டால் உழவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நேரே உற்பத்தியாளரிடமே சண்டை போட முடிந்தது. டியர் ஒவ்வொரு குறைக்கும் அச்சை மாற்றிக்கொண்டே இருந்தார். இதனால் கூட்டாளிகளோடு உரசல் வந்தது. நாம் செய்வதை உழவர் வாங்கித்தானே ஆக வேண்டும் என்று கூட்டாளி கேட்டதாகவும், வாங்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, நாம் திருத்தாவிட்டால் வேறொருவர் திருத்தி நம் வியாபாரத்தைக் கொண்டுபோய்விடுவார் என்று டியர் பதில் சொன்னதாகவும் நிறுவன வரலாறுகள் பதிவு செய்கின்றன. 1852ல் கூட்டு கலைந்தது. 1855ல் விற்பனை 10,000 கலப்பைகளைத் தாண்டியது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இது மனிதரின் திறமையா, காலத்தின் கொடையா? இல்லினாயின் மக்கள்தொகை 1830ல் 1,57,445, 1840ல் 4,76,183, 1850ல் 8,51,470, 1860ல் 17,11,951. முப்பது ஆண்டில் பத்து மடங்குக்கு மேல் பெருகிய நாட்டில், வந்து இறங்கும் குடும்பத்துக்கு எல்லாம் ஒரு கலப்பை வேண்டும் என்றால், விற்பதற்குத் திறமை எதற்கு என்று கேட்கலாம். மறுப்பில் பாதி உண்மை. இந்தப் பெருக்கு இல்லாவிட்டால் டியர் நல்ல கொல்லராக மட்டும் மறைந்திருப்பார். மீதிப் பாதியை மற்றக் கொல்லர்களின் கதை மறுக்கிறது. அதே மண், அதே கூட்டம், அதே ரம்ப எஃகு எல்லாம் ஜான் லேனுக்கும் கிடைத்தன. நான்கு ஆண்டு முன்பே கிடைத்தன. அவர் பட்டறையிலேயே நின்றுவிட்டார். லேனின் மகன் 1868ல், நடுவே மென்மையும் இருபுறமும் கடினமும் உள்ள அடுக்கு எஃகுக் கலப்பைக்குக் காப்புரிமை பெற்றார். கலப்பைத் தொழில் நுட்பத்தில் அது டியரின் 1837 முயற்சியைவிடத் தெளிவான கண்டுபிடிப்பு. ஆனாலும் லேன் என்ற பெயரை இன்று எந்த உழவரும் அறியமாட்டார். மறுபுறம், அதே இல்லினாயின் கேன்டன் நகரில் வில்லியம் பார்லின் என்ற கொல்லர் 1842ல் தொடங்கி டியரைப் போலவே பெரிய கலப்பை ஆலையை எழுப்பினார். இந்த இரண்டு கதைகளையும் சேர்த்து வைத்தால் விடை கிடைக்கிறது. கண்டுபிடித்தவர்கள் எல்லாரும் வளரவில்லை. முன்கூட்டிச் செய்து, சீரான மூலப்பொருளைப் பிடித்து, போக்குவரத்து உள்ள ஊரில் நின்றவர்கள் வளர்ந்தார்கள். காலம் வாசலைத் திறந்தது. உள்ளே போகத் தெரிந்தவர்கள் சிலரே.

இரண்டாவது மறுப்பு வேறு பக்கத்திலிருந்து வரும். தொழிலாக்கியது ஜான் டியர் அல்ல, அவர் மகன் சார்லஸ்தான் என்று வாதிடலாம். அதற்கு ஆதாரமும் உண்டு. உழவர்கள் அறுவடைக்குப் பின் தருவதாகப் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கலப்பை வாங்குவது அன்றைய வழக்கம். 1857ல் அமெரிக்க வங்கிகள் தடுமாறி நெருக்கடி வந்தபோது அந்த நோட்டுகள் காகிதமாகக் கிடந்தன, டியர் வாங்கியிருந்த கடன்கள் மட்டும் கழுத்தை நெரித்தன. வெர்மான்டில் பட்ட அடி மோலினிலும் விழுந்துவிடும் என்ற நிலையில், 1858ல் உடைமைகள் குடும்பத்துக்குள் கைமாற்றப்பட்டு நிர்வாகம் சார்லஸ் கையில் வந்தது. தந்தை இல்லினாயில் இருந்தபோது 1837 மார்ச்சில் வெர்மான்டில் பிறந்த பிள்ளை இவர். பொறுப்பேற்றபோது வயது 21. சிகாகோவில் வணிகக் கணக்குப் படித்தவர். 1868ல் 'டியர் அண்ட் கம்பெனி' என்ற பதிவு பெற்ற நிறுவனம் அமைந்ததும், 1869ல் கேன்சஸ் சிட்டியில் முதல் கிளை திறக்கப்பட்டதும் இவர் காலத்தில். 1907ல் இறக்கும்வரை நிறுவனத்தை நடத்தியவர் இவரே. கணக்கைக் காப்பாற்றியது மகன் என்பதில் ஐயமில்லை. ஆனால் மகன் காப்பாற்றுவதற்கு ஏதோ ஒன்று இருக்க வேண்டுமே. 1858ல் சார்லஸ் பெற்றது ஒரு காப்புரிமையையோ ரகசியச் சூத்திரத்தையோ அல்ல. ஜான் டியர் பெயரில் முதல் காப்புரிமை 1864ல்தான் வருகிறது. அதுவும் எஃகுக் கலப்பை வார்க்கும் அச்சு பற்றியது. மகன் பெற்றது ஆண்டுக்குப் பல ஆயிரம் கலப்பை செய்யும் ஆலை, பழகிய தொழிலாளர், நம்பி வாங்கும் உழவர் கூட்டம். இவற்றைத் தந்தை இருபது ஆண்டில் சேர்த்து வைத்திருந்தார். இதனாலேயே சார்லஸின் வெற்றி என் வாதத்துக்கு எதிராக நிற்காமல் துணையாக வருகிறது.

இந்த வாதத்துக்கு நீதிமன்றமே ஒரு சோதனை வைத்தது. 1860களில் 'மோலின் கலப்பை' என்ற பெயருக்குச் சந்தையில் நல்ல மதிப்பு. அதே ஊரில் கேண்டீ, ஸ்வான் என்ற போட்டிக் கம்பெனி முளைத்தது. டியரிடம் இருந்து பிரிந்தவர்களும் அதில் சேர்ந்திருந்தனர். அவர்களும் தங்கள் சரக்கை மோலின் கலப்பை என்றே விற்றார்கள். எழுத்தின் அமைப்பும் அடையாளங்களும்கூட ஒத்திருந்தன. டியர் நிறுவனம் 1867ல் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் வென்றது. இல்லினாய் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஓர் ஊரின் பெயரை அந்த ஊரில் செய்பவர் எவரும் சொல்லிக்கொள்ளலாம், அதை ஒருவர் மட்டும் தமதாக்கிக்கொள்ள முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். எதிராளிகள் 'மோலின் பிளவ் கம்பெனி' என்ற பெயரிலேயே வளர்ந்து, 1929ல் மினியாபொலிஸ்-மோலின் என்ற பெரிய டிராக்டர் நிறுவனத்தில் கலக்கும்வரை அதே ஊரில் டியரோடு போட்டியிட்டார்கள். இந்தத் தோல்வி காட்டுவது என்ன? கலப்பையின் வடிவத்தைப் போட்டியாளரிடமிருந்து சட்டப்படி காக்கக்கூடிய கண்டுபிடிப்பு எதுவும் டியருக்குக் கைகொடுக்கவில்லை; ஊர்ப் பெயர்கூட அவருக்குச் சொந்தமாகவில்லை. கலப்பையின் வடிவத்தைப் பக்கத்துத் தெருவில் இருப்பவர் அப்படியே செய்ய முடிந்தது. அப்படியிருந்தும் டியரின் ஆலை சாயவில்லை. கண்டுபிடிப்பின் மேல் கட்டிய நிறுவனமாக இருந்தால் அந்தத் தீர்ப்போடு அது சரிந்திருக்க வேண்டும். தரம், கிளைகள், கடன் தரும் ஏற்பாடு, சொன்ன பருவத்தில் சரக்கு என்ற ஒழுங்கின் மேல் நின்றதால் தப்பியது. அதன் பிறகு நிறுவனம் ஊர்ப் பெயரை விட்டுத் தன் அடையாளத்தைத் தேடிக்கொண்டது. தாவும் மான் சின்னம் 1876ல் பதிவு பெற்றது.

இன்னொரு கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. உழ யாரும் இல்லாத வெறும் நிலமா அது? ராக் நதி மிசிசிப்பியில் கலக்குமிடத்தில், மோலினுக்கு அண்டையில், சாக் மக்களின் பேரூரான சாக்கெனக் இருந்தது. அவர்களுடைய பெண்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே மக்காச்சோளமும் பூசணியும் பயிரிட்டார்கள். 1804ல் செயின்ட் லூயியில் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம் அந்த நிலத்தை அமெரிக்க அரசுக்கு உரியதாக்கியது. கையெழுத்திட்ட சிலருக்கு அந்த அதிகாரமே இல்லை என்று சாக் தலைவர் பிளாக் ஹாக் கடைசிவரை சொன்னார். 1832ல் அவர் மக்களோடு திரும்பி வந்தபோது போர் மூண்டு படுகொலையில் முடிந்தது. ஐந்தே ஆண்டில் டியரின் கலப்பை அதே நதியோரத்தில் ஓடியது. இந்தப் பறிப்பை டியர் செய்யவில்லை. ஆனால் அவர் சந்தை அந்தப் பறிப்பின் மேல் அமைந்தது. பறித்த நிலம் மீண்டும் கைமாறாதபடி நிலையானது உழவால்தான். புல்வெளியின் கதியும் இதோடு சேர்ந்தது. இல்லினாயில் ஏறத்தாழ 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி இருந்தது. இன்று அதன் இயற்கை நிலையில் எஞ்சியிருப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. தனி ஒரு கலப்பை இதைச் செய்திருக்க முடியாது. ஆண்டுக்குப் பத்தாயிரம் என்று ஒரே மாதிரி கலப்பைகளை அனுப்பிய ஆலைகளால் முடிந்தது. ஆகவே டியரின் பெருமை எதுவோ, அவர் பொறுப்பும் அதுவே. இரண்டும் உற்பத்தியின் அளவில் இருக்கின்றன. கண்டுபிடிப்பாளர் என்ற பட்டம் இந்த இரண்டையும் ஒருசேர மறைத்துவிடுகிறது.

டியர் 1873ல் மோலின் நகர மேயரானார். 1886 மே 17ல் அதே ஊரில் காலமானார். டிராக்டரை அவர் கண்டதில்லை. அவர் நிறுவனம் வாட்டர்லூ டிராக்டர் ஆலையை விலைக்கு வாங்கி அந்தத் தொழிலில் இறங்கியது 1918ல், அவர் இறந்து 32 ஆண்டுக்குப் பிறகு. கிராண்ட் டிட்டூரில் ஆண்ட்ரஸ் தொடர்ந்து நடத்திய கலப்பை ஆலையும் பின்னர் டிக்சனுக்கு மாறி, 1919ல் ஜே.ஐ.கேஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. உலைக்களம் இருந்த இடத்தை இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தினர் 1962ல் தோண்டி அடையாளம் கண்டார்கள். இத்தனைக்கும் பிறகு நம் தீர்ப்பு இதுதான்: எஃகுக் கலப்பையை உலகுக்குத் தந்தவர்கள் பலர், அவர்களில் டியர் முதல்வர் அல்லர். அந்தக் கலப்பையைத் தரம் மாறாமல், கேட்கும் முன்பே செய்து வைத்து, எவரும் வாங்கும் பண்டமாக்கிய சிலரில் அவர் முதன்மையானவர். வேளாண் கருவிகளின் வரலாற்றில் கருவியைச் செய்தவனைத் தேடும் அளவுக்கு, அதைப் பெருக்கியவனையும் நாம் தேட வேண்டும். வயல்களை மாற்றியவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினர். எஃகு எல்லா மண்ணிலும் வெல்லவில்லை என்பதையும், இந்தியானாவின் சவுத் பெண்டில் ஜேம்ஸ் ஆலிவர் குளிரவைத்து இறுக்கிய வார்ப்பிரும்பைக் கொண்டு டியருக்கே சவால் விட்ட கதையையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)